மலைமீது ஓர் அறை வாங்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். நமக்கும் அதுவே விருப்பம். எனினும், சென்ற சில திங்களாக நம் காலனியில் நால்வர் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சாக இருப்பதால், அதனைப் பற்றியே இன்று பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். வண்ணத்தில் அச்சிட்ட தாள் ஒன்று நம் வீடுகள் பலவற்றுக்கும் வந்ததை அறிவீர்கள். மூணாற்றுப் பக்கம் விடுதி ஒன்று எழும்புகிறதாம். அதன் அறையொன்றை நம் பெயருக்கே பதிவு செய்து தருவார்களாம். ஆண்டில் பதினைந்து நாள் நாம் சென்று தங்கலாமாம். எஞ்சிய நாட்களில் அவர்களே அதனைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டு, முதல் மூன்றாண்டு, ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் உறுதியாகத் தருவார்களாம். இந்த ஏற்பாட்டுக்குக் காண்டோ ஹோட்டல் என்று பெயர்.

நம்முள் ஒருவர் முன்பணமும் கொடுத்துவிட்டார். முப்பத்தைந்தாண்டு உழைத்துப் பெற்ற பணிக்கொடை அது. அவரைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, அதே மலையில் தம் பெயருக்கென ஓர் அறை என்றால் நெஞ்சம் நெகிழத்தானே செய்யும்? ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து இறங்கிய குடும்பங்கள் இந்த அவையிலும் உண்டு. அத்தாளை எழுதியவர் அந்த ஆசையை நன்கு அறிந்தே எழுதியிருக்கிறார்.

ஆகவே, நாம் எதனை விலைக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் பார்ப்போம். மண்ணையா, அறையையா, வாணிகத்தையா?

மண்ணிலிருந்து தொடங்குவோம். சமவெளியில் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். இடுக்கி மலையில் அது போதாது. அங்கு நிலத்தின் வரலாற்றையே படிக்க வேண்டும். 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். பின்னர் அது தேயிலைக் கம்பெனியின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தது. 1971ஆம் ஆண்டில் கேரள சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்நிலத்தை அரசுக்கு மீட்டது. தோட்டத்துக்கு வேண்டிய பகுதி மட்டும் தோட்டத்துக்கென்றே விடப்பட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆதலின் அவ்வட்டாரத்தில் ஒருவர், ‘இது என் பாட்டனார் நிலம்’ என்றால் நாம் சற்று நின்று கேட்க வேண்டும்.

பிற இடங்களில் தனியாரிடம் உள்ள நிலமும் பெரும்பாலும் பட்டய நிலமே. 1960ஆம் ஆண்டின் கேரள நிலப்பதிவுச் சட்டமும், அதன்கீழ் 1964இல் வந்த விதிகளும் பட்டயம் எதற்காக வழங்கப்படும் என்பதை வரையறுத்துள்ளன. தாமே பயிர் செய்வதற்கு, குடியிருக்க வீடு கட்டுவதற்கு, அடுத்துள்ள சொந்த நிலத்தின் நற்பயனுக்கு. இவ்வளவே. நாள் வாடகைக்கு அறை விடும் விடுதி இந்தப் பட்டியலில் இல்லை. ஏலம் பயிரிடக் கொடுத்த மண்ணில் ஐந்தடுக்கு மாளிகை எழுந்தால் பட்டயத்தின் நிபந்தனை முறிகிறது. 2010இல் கேரள உயர் நீதிமன்றம், மூணாற்றில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இன்றிக் கட்டட அனுமதி கூடாதென்றது இதனால்தான்.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் இச்சட்டத்துக்குத் திருத்தம் வந்ததே என்று கேட்பீர்கள். விற்பனையாளரும் அதனையே பெரிதாகச் சொல்கிறார். நிபந்தனைக்கு மாறான பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அத்திருத்தம் அரசுக்கு அளிக்கிறது. 2024இல் ஆளுநரின் இசைவும் கிடைத்தது. ஆனால் ஒழுங்குபடுத்தலாம் என்பது வேறு. இந்தக் கட்டடம் ஒழுங்குபடுத்தப்பட்டாயிற்று என்ற ஆணை வேறு. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள்.

பட்டயமே நிலைக்காத கதையும் உண்டு. 1999இல் தேவிகுளம் வட்டத்தில் வழங்கப்பெற்று, ‘இரவீந்திரன் பட்டயம்’ என மக்கள் அழைக்கும் 530 பட்டயங்களை 2022 ஜனவரியில் அரசு இரத்து செய்ய ஆணையிட்டது. இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின்னர்! ஏலமலைப் பகுதியிலோ, நிலம் காடா வருவாய் நிலமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக நிற்கிறது. 2024 அக்டோபரில் அங்குப் புதிய பட்டயம் வழங்குவதற்கு அது தடை விதித்தது. நம் பாலக்காட்டுப் பக்கமும் இதற்கு விலக்கன்று. நெல்லியாம்பதித் தோட்டங்கள் பல, அரசிடம் குத்தகைக்குப் பெற்ற வனநிலம். குத்தகைக்காரர் தமக்கில்லாத உடைமையை நமக்கு எவ்வாறு விற்பார்?

2007ஆம் ஆண்டின் கோடையில் மூணாற்றில் இயந்திரங்கள் வந்து விடுதிகளை இடித்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். அவற்றுள் சிலவற்றின் வகையில் அரசின் செயல் சட்டமுறைப்படி அமையவில்லை என உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்ததையும் மறைக்கலாகாது. ஆயினும் ஏழாண்டு வழக்காடும் வலிமை பெருமுதலாளிக்கு உண்டு, ஓரறைக்காரருக்கு உண்டா? கொச்சியை அடுத்த மரடு நகரில், கடற்கரை ஒழுங்குமுறை விதியை மீறியதற்காக அடுக்குமாடிக் கட்டடங்கள் நான்கினை 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கு வீடு வாங்கியோர் முறையாகப் பதிவு செய்து, வரியும் கட்டி வந்தவர்கள். பதிவு அலுவலகம் முத்திரை வைத்தது என்பதனால் மண் தூய்மையாகிவிடாது.

இனி வாணிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை. அறையின் விலை நாற்பது இலட்சம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு எட்டு, பதிவுக் கட்டணம் இரண்டு. ஆக நான்கு இலட்சம். மொத்தம் நாற்பத்து நான்கு. நாள் வாடகை நாலாயிரம் என்க. மூணாற்றில் மார்ச்சு முதல் மே வரையிலும், கிறிஸ்துமஸை ஒட்டியும் கூட்டம். ஆடி மழையில் அறைகள் பூட்டிக் கிடக்கும். ஆண்டில் 150 இரவு நிரம்பினால் வரவு ஆறு இலட்சம். ஆள் பிடித்துத் தரும் இணைய நிறுவனத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து எனத் தொண்ணூறாயிரம் போகும். வேலையாள், மின்சாரம், சலவை, பழுது என இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். எஞ்சும் மூன்று இலட்சத்தில் நடத்துவோருக்குப் பாதி. நம் பங்கு ஒன்றரை இலட்சம்; அதிலும் மாதப் பராமரிப்பு மூவாயிரம் வீதம் கழிப்பார்கள். கையில் நிற்பது 1,14,000 ரூபாய். முதலுக்கு நூற்றுக்கு இரண்டரை வீதத்தைச் சற்றே தாண்டும். அதற்கும் வருமான வரி உண்டு.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடு வட்டி விதித்தார்கள். உச்ச வரம்பும் முப்பது இலட்சமாயிற்று. அவ்வீதப்படி முப்பது இலட்சத்துக்கு ஆண்டில் 2,46,000. மழை பெய்தாலும் வரும்!

அவ்வாறாயின் பன்னிரண்டு வீதம் உறுதி என்பது எங்கிருந்து வரும்? நாற்பது இலட்சத்துக்கு மூன்றாண்டில் பதினான்கு இலட்சத்து நாற்பதாயிரம் ஆகிறது. அறையின் விலையை முதலிலேயே அவ்வளவு ஏற்றி வைத்தால் நம் பணத்தை நமக்கே தவணையாகத் தந்து முடிக்கலாம். நான்காம் ஆண்டு முதல் என்ன தருவார்கள் என்று அத்தாளில் தேடினோம். ஒரு சொல்லும் இல்லை.

இத்தகைய ஏற்பாடு இன்று தோன்றியதன்று. அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் ஹோவி என்ற கம்பெனி, தன் விடுதிக்கு வந்து தங்கியோரிடம் ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, பயிர் செய்து விற்கும் பொறுப்பைத் தானே ஏற்றது. இது நில விற்பனையன்று. பிறர் முயற்சியால் வரும் ஆதாயத்தை நம்பிச் செய்யும் முதலீடு என்று 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம் நாட்டிலும் செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு கூட்டு முதலீட்டுத் திட்டம் எதுவென வரையறுக்கிறது; பதிவின்றி அதனை நடத்தலாகாதென அச்சட்டம் கூறுகிறது. வாங்குவோர் பணத்தை ஒன்றுசேர்த்து, அன்றாட நிர்வாகத்தில் அவர்களுக்குக் கையில்லாதவாறு நடத்தினால் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். சென்னையில் தலைமையிடம் கொண்ட அனுபவ் நிறுவனத்தின் தேக்கு மரத் திட்டம் 1998இல் வீழ்ந்ததை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மரம் நம் பெயரில், வளர்ப்பவர் அவர், கதை இதுவேதான்.

ஒரு வேறுபாட்டையும் கூறியாக வேண்டும். சொந்த வீட்டில் தாமே குடியிருந்துகொண்டு, இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் மலையில் உள்ளன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டமும், உரிமையாளர் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது என்கிறது. அங்குச் சாவி நம் இடுப்பில் இருக்கும். விருந்தினர் வராத நாளில் நம் பிள்ளைகள் படுத்துறங்குவார்கள். அதனை நாம் குறை கூறவில்லை.

மலை தரும் அச்சம் இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. கிடைக்காது போனவரையும் சேர்த்து எழுபது உயிர்கள். கயத்தாற்று வட்டாரத்தை வேராகக் கொண்ட நம் மக்களே அவர்களுள் பலர். சரிவில் எழும் கட்டடத்துக்கு மண்ணியல் ஆய்வு நடந்ததா எனக் கேட்பது அபசகுனமன்று.

முன்பணம் கொடுத்த நண்பருக்காகச் சில சொற்கள். 2016ஆம் ஆண்டின் நிலமனை ஒழுங்குமுறைச் சட்டமாகிய ரெரா, வாணிகத்துக்குரிய கட்டடப் பகுதிகளையும் தழுவியது. பதிவு செய்த ஒப்பந்தம் இன்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. விளம்பரத்தில் பொய் சொல்லி ஏமாற்றினால் 12ஆம் பிரிவின்படி வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எட்டு அலகுக்கு மேற்பட்டு, 500 சதுர மீட்டர் நிலத்தையும் தாண்டிய திட்டமாயின் பதிவு எண் இருந்தே தீர வேண்டும். நம் நண்பரிடம் உள்ள ரசீதில் அந்த எண் இல்லை. திருவனந்தபுரத்திலுள்ள கேரள ரெரா ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். அவர் கையொப்பம் இட்டதும் நாளை அஞ்சலில் சேரும்.

ஆவணங்கள் யாவும் மலையாளத்தில் இருப்பதால் பலர் படியாமலே கையெழுத்திடுகின்றனர். பட்டயம், முன்னாதாரம், தண்டப்பேர், கைவசச் சான்று ஆகிய சொற்களைப் படித்துப் பொருள் கூறவல்லோர் இருவர் நம் சங்கத்தில் உள்ளனர். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் இருப்பார்கள். மூல ஆவணத்தைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும். வீட்டுப் பெண்டிரையும் உடனழைத்து வாருங்கள். சென்ற வாரம் நடத்துவோரின் ஒப்பந்தத்தில் நான்காம் ஆண்டைப் பற்றிய வரியைக் கண்டுபிடித்தவர் ஓர் அம்மையாரே. ‘நடத்துவோர் முடிவே இறுதியானது’ என்றிருந்தது அந்த வரி.