சிலம்பு உடைத்த வழக்கும் நம் சிறுவர்களும்

(ஆண்டு விழாவில் ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)

 

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். இவ்வாண்டு எழுத்தும் இலக்கணமும் போக, வேறொன்றையும் அவ்வகுப்பில் கற்பித்தோம். ஒருவர் ஒன்றைக் கூறினால், அவர் கூறுவது யாது, அதற்கு அவர் காட்டும் காரணம் யாது, அக்காரணம் அக்கூற்றைத் தாங்குமா என்று ஆராய்வதே அது. சில திங்கள் சென்றபின் ஒரு தாயார் எங்களிடம் வந்தார். "தமிழ் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினோம், எதிர்த்துப் பேசவல்லவா சொல்லிக்கொடுத்து விட்டீர்கள்!" என்று நகைத்துக்கொண்டே குறைப்பட்டார். அவருக்கு விடை கூறும் முகமாகவே இன்று பேச வந்தோம்.

எதிர்த்துப் பேசுவதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது வயதோடு வருவது. சிறு குழந்தை கண்ணெதிரே உள்ளதைக் கொண்டே எண்ணுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதளவில், "இப்படி நடவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று இல்லாததையும் வைத்து எண்ணும் ஆற்றல் அரும்புகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். அரும்பும் அவ்வாற்றலுக்கு முறை அமைத்துக் கொடுத்தால் அது ஆராய்ச்சியாகும்; விட்டுவிட்டால் வெறும் வாய்ச்சண்டையாகும்.

முறையைக் கற்பிக்க நாங்கள் வெளிநாட்டு நூல் எதனையும் தேடிச் செல்லவில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையையே எடுத்துக்கொண்டோம். கதை நீங்கள் அறிந்ததே. கோவலன் கொலையுண்ட பின் கண்ணகி பாண்டியன் அவைக்கு வருகிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என்கிறான் மன்னன். என் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை அவள் உடைக்கிறாள், மணி தெறிக்கிறது.

இதனைப் பிள்ளைகள் பகுத்துப் பார்த்தனர். கண்ணகியின் கூற்று, தன் கணவன் கள்வன் அல்லன் என்பது. அவள் காட்டும் சான்று, உள்ளே இருந்த மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பாயின் உள்ளே முத்து இருந்திருக்க வேண்டும் என்பதே சான்றையும் கூற்றையும் பிணைக்கும் நியாயம். இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதிய பின், "மன்னன் செய்த பிழை எங்கே?" என்று கேட்டோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "கள்வனைத் தண்டிக்கலாம் என்று மன்னன் சொன்ன விதி சரிதான். இவன்தான் கள்வன் என்பதை அவன் சோதிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னதையே நம்பிவிட்டான்" என்றான். சரியான விதியைச் சோதியாத செய்தியின்மேல் ஏற்றியதால் ஓர் உயிர் போயிற்று என்பதை அச்சிறுவன் கண்டுகொண்டான்.

அத்தோடு வகுப்பு முடிந்திருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "இரண்டு சிலம்பிலும் முத்தே இருந்திருந்தால் கோவலன் கள்வன் என்று ஆகிவிடுமா?" என்று கேட்டாள். நாங்கள் சற்றுத் திகைத்தோம். அவ்வினாவைப் பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்க இயலாமற் போவது வேறு, குற்றவாளி என்று மெய்ப்பிப்பது வேறு என்னும் முடிவுக்குப் பிள்ளைகள் தாமே வந்து சேர்ந்தனர். சட்டக் கல்லூரியில் கற்கும் பாடத்தை அவர்கள் ஒரு சிலம்பிலிருந்து கற்றார்கள்.

இக்கலை நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் முதற்காதையே வாதம் நிகழும் பட்டிமண்டபத்தைப் பேசுகிறது. அந்நூலின் 29ஆம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் உறுப்புக்களைக் கூறி, எவ்வெவ்விடத்து அவை போலியாகும் என்றும் விரித்துரைக்கிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை தோன்றுதலால், அடுக்களை போல என்பது அதற்குரிய பழைய எடுத்துக்காட்டு. இதனைச் சொன்னபோது ஒரு மாணவன், "தை மாதத்துக் காலையில் நம் காலனி முழுதும் புகைபோலத்தானே தெரிகிறது? அது பனி ஆயிற்றே!" என்றான். புகை என்று கண்டது புகைதானா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அவன் இந்நகரத்துக் குளிரிலிருந்தே அறிந்தான்.

நன்னூலார் எழுவகை மதம் கூறுகிறார். பிறர் கருத்தை உடன்படுதலும், மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின் களைதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதலும் அவற்றுள் அடங்கும். உடன்படுதலை அவர் முதலில் வைத்தது எங்களுக்குப் பெரிதும் பிடித்தது. ஆகவே வகுப்பில் ஒரு விதி செய்தோம். மறுக்க விரும்புபவர், எதிரில் உள்ளவர் கூறியதை முதலில் அவர் "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்பும்படி திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகே மறுக்கலாம். இவ்விதி வந்தபின் வகுப்பில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

இனி, எங்களுக்கே சோதனையாக வந்த ஒரு நாளைப் பற்றிக் கூறுகிறோம். மனித இனம் முதன்முதல் தோன்றியது கடலில் மூழ்கிய குமரிக்கண்டத்தில்தான் என்னும் செய்தி ஒன்று கைப்பேசி வழியே வீடுதோறும் வந்தது. பிள்ளைகள் அதனை வகுப்பிற்குக் கொண்டுவந்து, "இதையும் சோதிக்கலாமா?" என்று கேட்டனர். எங்களுள் சிலர் தயங்கினோம். தயங்கிய பின், சோதிப்போம் என்றே துணிந்தோம்.

ஒரே செய்தியில் மூன்று கூற்றுக்கள் பின்னிக் கிடப்பதைப் பிள்ளைகள் கண்டனர். கடல் நிலத்தைக் கொண்டது என்று நம் பழநூல்கள் கூறுகின்றன என்பது முதற்கூற்று, அது மெய். பஃறுளியாற்றைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரமே கூறுகிறது. கடற்கரை நிலங்கள் மூழ்கியதுண்டு என்பது இரண்டாவது, அதுவும் மெய். கடைசிப் பனியூழிக்குப் பின் உலகெங்கும் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. மனித இனம் தோன்றிய ஒரு பெருங்கண்டம் அங்கே இருந்தது என்பது மூன்றாவது, அதற்குச் சான்றில்லை. 'லெமூரியா' என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் மடகாஸ்கர், இந்தியா ஆகியவற்றின் விலங்கினங்களுக்கிடையே கண்ட ஒற்றுமையை விளக்கக் கூறிய கருதுகோள். நிலத்தட்டுக்கள் நகர்கின்றன என்பது தெளிவான பின் அக்கருதுகோளுக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. முதலிரண்டு மெய்களின் தோளில் ஏறி மூன்றாவது உள்ளே நுழைந்தது.

அன்று மாலை பெரியவர் ஒருவர் எங்களைக் கடிந்துகொண்டார். "வேற்றூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று ஊட்ட வேண்டிய நீங்களே அதைக் குலைக்கலாமா?" என்றார். அவர் மனத்துயரை நாங்கள் மதிக்கிறோம். பள்ளியில் பிற மொழிகளையே கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் பெருமிதம் வேண்டும் என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆயினும் கீழடியை நோக்குங்கள். 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலத்தை அறிவியல் முறையில் கணித்து, கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் கூறியது. எம்முறையில் கணித்தீர்கள் என்று எவரும் கேட்கலாம். கேட்டால் காட்டுவதற்குச் சான்று உண்டு. சான்றில்லாத பெருமையை மட்டும் ஏந்திச் செல்லும் பிள்ளை, பள்ளித் தோழன் கேட்கும் முதற்கேள்வியிலேயே நாணித் தலைகுனியும். பிறகு மெய்யான பெருமையையும் நம்ப மறுக்கும். எங்கள் அச்சம் இதுவே.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். வாரத்தில் ஒரு நாளேனும், இரவு உணவு வேளையில், பிள்ளை கேட்கும் "ஏன்" ஒன்றிற்குக் காரணம் கூறுங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். காரணத்தை மட்டும் மறைக்காதீர்கள். பிள்ளை கூறும் காரணம் உங்களுடையதைவிட வலியதாயின், "நீ சொல்வது சரி" என்று கூறுங்கள். அவ்வாறு கூறுவதால் தாய் தந்தையர் சிறுமை அடைவதில்லை. தன் பிழை தெரிந்த கணமே, தானே கள்வன் என்று சொல்லி வீழ்ந்த பாண்டியனை நாம் இன்றளவும் இகழ்வதில்லை, போற்றுகிறோம்.

குறைகூற வந்த அந்தத் தாயார் சென்ற வாரமும் வந்திருந்தார். "இப்போதும் எதிர்த்துத்தான் பேசுகிறாள். ஆனால் நான் சொன்னதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பேசுகிறாள்" என்றார். எங்கள் ஓராண்டு உழைப்புக்கு அதுவே பரிசு.