மறியலால் மீண்டோரும் நம் கடமையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று மணிவாசகப் பெருமானைப் பாண்டியன் சிறையிட்டான். அவர் பொருட்டு இறைவன் நரியைப் பரியாக்கினான். பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படியும் பட்டான். இப்புராணத்தைக் கண்ணீர் மல்கக் கேட்கும் நாம், மறியலால் வந்த ஒருவன் கோயில் வீதியில் எதிர்ப்பட்டால் என்ன செய்கிறோம்? முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

"அவர் மகான், இவன் குற்றவாளி" என்பீர்கள். ஆம், ஆயினும் நீதிமன்றம் விதித்த தண்டனையை அவன் அனுபவித்துத் தீர்த்துவிட்டான். அதன் பின்னும் ஊர் தண்டிப்பது எந்தச் சட்டத்தின்படி? அவன் மனைவி மக்கள் செய்த குற்றந்தான் யாது?

கைதி விடுதலையானதும் சமூகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்று 1955இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட விதிகள் கூறின. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை அவற்றைத் திருத்தி, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டியபோதும் அக்கருத்து நிலைத்தது.

பிற சமயத்தார் இத்துறையில் நமக்கு முன்னே சென்றுள்ளனர். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகராயிருந்த சார்ள்ஸ் கொல்சன் ஏழு மாதமளவில் சிறையிலிருந்து மீண்டு, 1976இல் கைதிகளுக்கான கிறிஸ்தவ ஸ்தாபனமொன்றை நிறுவினார். அதில் பணியாற்றிய மேரி கே பியர்ட் என்ற அம்மையாரும் சிறையிலிருந்து மீண்டவரே. தமக்குத் தருமமாய்க் கிடைத்த சவர்க்காரத்தையும் பற்பசையையும் சிறைத் தாய்மார் சேர்த்துவைத்து, நத்தாருக்குத் தம் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்ததை அவர் கண்டிருந்தார். 1982இல் அலபாமாவில், அத்தகைய பிள்ளைகளின் பெயர்களைக் கடதாசித் தேவதைகளில் எழுதி நத்தார் மரத்திற் தொங்கவிட்டார். ஒவ்வொன்றை எடுத்தவரும் ஒரு பிள்ளைக்குப் பரிசு வாங்கினார். அப்பரிசு கொடுத்தவர் பெயரால் அன்று, சிறையிலிருக்கும் தாய் தந்தையர் பெயராலேயே பிள்ளையைச் சேர்ந்தது. இதுவே நாம் கற்கவேண்டிய பாடம். தருமம் செய்வோர் மறைந்து நிற்க, தந்தை பிள்ளையின் மனத்தில் தந்தையாகவே இருக்கிறான். அவன் திரும்பி வருவதற்கு ஒரு வீடு மிஞ்சுகிறது.

எச்சரிக்கையும் உண்டு. அதே ஸ்தாபனம் அயோவா மாநிலச் சிறையில் அரச பணத்துடன் நடாத்திய சமயத் திட்டம் அரசியல் யாப்புக்கு முரணானதென 2006இல் நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டிலும் 2007இல் அம்முடிவு நிலைத்தது. சமயம் உதவிக்குத் தூண்டுதலாகலாம், உதவிக்கு விலையாகலாகாது. திருநீறு பூசினாற்றான் அரிசி என்பது சைவமன்று.

இளைஞர்களே, செய்யவேண்டியவை பெரியன அல்ல. தந்தை மறியலில் இருக்கையில் பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகமும், அவனைப் பார்த்துவர பஸ் செலவும் கொடுங்கள். தீபாவளிப் புத்தாடை அவன் பெயராலேயே போகட்டும். அவன் வெளிவரும் நாளில் வாசலில் இருவர் நில்லுங்கள். அடையாள அட்டை எடுக்க உடன் செல்லுங்கள். பெரியோர்களே, உங்கள் கடையிலோ வயலிலோ அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தேர்த் திருவிழாவில் வடத்தில் அவன் கைக்கும் இடம் விடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: அக்குடும்பங்களின் பெயரை நம் அறிக்கையில் அச்சிட வேண்டாம். நாம் செய்தது இறைவனுக்குத் தெரிந்தாற் போதும்.