கைப்பிடியில் எத்தனை?

வட்டிக் கணக்கு புரியாமல், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள்தானே நம்மில் பலர்? அந்தப் பயம் நம்ம பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இன்று இரவே தொடங்குவோம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை அள்ளி, "எத்தனை இருக்கும், சொல்லு கண்ணு?" என்று கேட்போம். வாயில் போடாமல் பார்த்துக்கணும். முதலில் குத்துமதிப்பாகச் சொல்லட்டும். அப்புறம் ஐந்தைந்தாகக் கூறு வைத்து எண்ணட்டும். 20 என்று சொன்னது 32 ஆக இருந்தால் தலையில் குட்ட வேண்டாம். "இன்னொரு தடவை அள்ளு" என்போம். அள்ள அள்ள மதிப்பு நெருங்கி வரும்.

பல்லாங்குழியும் கணக்குதான். 14 குழிக்கும் 5 வீதம் போட்டால் 70 காய்.

நாளைக்கு யார் கணக்கு சொன்னாலும், "கூடுதலா தெரியுதே, திரும்ப எண்ணுங்க" என்று கேட்கும் துணிச்சல் இப்படித்தான் வளரும்.