கூரையைப் பிரித்த நாலு பேர்

(‘மாற்றுத்திறனாளிகளுக்குத் திருச்சபை முதலில் தர வேண்டியது செபமே! இடமே!’ என்ற தலைப்பில், ‘இடமே!’ என்ற அணியில் திருவதிகை சகோதரி ஒருவர் பேசியது)

எனக்குப் பண்ருட்டி பக்கத்திலே திருவதிகை. பண்ருட்டின்னு சொன்னதும் எதிரணித் தலைவர் என் பையைப் பார்க்கிறார். பலாப்பழம் கொண்டாரலைங்க ஐயா. சுளை சுளையாக் கேள்விதான் கொண்டாந்திருக்கேன். (சிரிப்பு, கைதட்டல்)

தலைவர் ரொம்ப உருக்கமாப் பேசினார். “நற்செய்தியிலே கால் ஊனமானவர் நடந்தார், பார்வையில்லாதவர் பார்த்தார். எல்லாம் செபத்தாலே ஆச்சு. அதனாலே திருச்சபை முதல்லே தர வேண்டியது செபம்” என்றார். நான் செபத்துக்கு எதிரி இல்லீங்க. எங்க வீட்டிலே ராத்திரி செபமாலை முடியாம சோத்துப் பானையைத் திறக்க விட மாட்டாங்க எங்கம்மா. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அவருக்காக நீங்க செபம் பண்றதுக்கு, அவர் முதல்லே கோவிலுக்குள்ளே வரணுமா, வேணாமா? (கைதட்டல்)

மாற்கு நற்செய்தி 2-ம் அதிகாரத்தை எடுத்துக்குங்க. கப்பர்நாகும் ஊர்லே ஒரு வீடு. இயேசு பேசிக்கிட்டிருக்கார். வாசல் வரைக்கும் கூட்டம். உடம்பு முடங்கிப்போன ஒருத்தரை நாலு பேர் படுக்கையோட தூக்கிக்கிட்டு வர்றாங்க. வழி கிடைக்கலே. வாசல்லே நின்னவங்க யாரும் கெட்டவங்க இல்லே, பிரசங்கம் கேக்க வந்த பக்திமான்கள்தான். ஆனா வெளியே நின்ன அந்த மனுஷருக்குத் தெரிஞ்சது அவங்க முதுகு மட்டும்தான். நாலு பேரும் என்ன பண்ணினாங்க? மாடியேறி, கூரையைப் பிரிச்சு, படுக்கையை உள்ளே இறக்கிட்டாங்க!

நம்ம ஊர்லே நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பங்குப் பேரவையைக் கூட்டி, “ஓடு என்ன விலை விக்குது தெரியுமா? யாரைக் கேட்டுப் பிரிச்சே?”ன்னு மூணு மணி நேரம் பேசியிருப்பாங்க. (பலத்த சிரிப்பு) கூரையைப் பிரிச்சது தப்புன்னு இயேசு ஒரு வார்த்தை சொன்னதா எழுதலே. அவர் பார்த்தது ‘அவர்களுடைய’ நம்பிக்கையைன்னு எழுதியிருக்கு. படுத்திருந்தவர் நம்பிக்கையை மட்டும் இல்லே, தூக்கிட்டு வந்தவங்க நம்பிக்கையையும்தான். அந்த நாலு பேர் வாயைத் திறந்து செபம் சொன்னதா அந்த அதிகாரத்திலே இல்லவே இல்லே. அவங்க பண்ணின செபம் கூரையிலே போட்ட ஓட்டை! (நீண்ட கைதட்டல்)

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலே மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆயிரம் பேருக்குப் பதினாறு பேர் ஆகுது. உங்க பங்குலே ஆயிரம் பேர் இருந்தா, ஞாயித்துக்கிழமை பூசையிலே பதினாறு பேரைப் பார்க்கிறீங்களா? ரெண்டு பேரைப் பார்த்தா அதிகம். மீதி பதினாலு பேர் எங்கே? வீட்லே. ஏன்னா வாசல்லே மூணு படி இருக்கு.

அரை அடி உயரத்திலே மூணு படின்னா ஒண்ணரை அடி. வீல்சேர் ஏறணும்னா ஒரு அடி உயரத்துக்குப் பன்னண்டு அடி நீளத்துக்குச் சாய்வு விடணும்னு கட்டடக்காரங்க கணக்கு. அப்போ பதினெட்டு அடி. பதினெட்டு அடி சிமெண்டுக்குக் காசு இல்லேன்னு சொல்ற கோவில்லே, திருவிழாவுக்குச் சீரியல் லைட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எரியுது! (கைதட்டல்) சில இடத்திலே சாய்வு போட்டிருக்காங்க, இல்லேன்னு சொல்லலே. பின்பக்கம், ஜெனரேட்டர் ரூம் ஓரமா. அந்தக் கதவுக்குப் பூட்டு. சாவி உபதேசியார்கிட்டே. உபதேசியார் பூசையிலே!

நான் வேற யார் கதையோ பேசலீங்க. என் தம்பிக்குப் பொறந்ததிலேர்ந்து மூளை முடக்குவாதம். கழுத்து நிக்காது, கை அது பாட்டுக்கு ஆடும், பேச்சு வராது. சந்தோஷம் வந்தா மட்டும் ‘ஆ...’ன்னு ஒரு சத்தம் போடுவான். கோவில் மணி அடிச்சா அவனுக்குச் சந்தோஷம். நடுப்பூசையிலேதானே மணி அடிக்கும்? அந்த நேரத்திலே சத்தம் போடுவான். நாலு தலை திரும்பும். ஒரு அம்மா வந்து, “பிள்ளையைக் கொஞ்சம் கெபிப் பக்கம் கூட்டிட்டுப் போங்களேன்”னு மெதுவாச் சொல்லிட்டுப் போவாங்க. ஊர் பேர் வேணாம், கோவில் பேரும் வேணாம். சொன்னவங்களும் நல்லவங்கதான். ஆனா எங்கம்மா வருஷக்கணக்கா வெயில்லேயே நின்னு பூசை பார்த்தாங்க. உறவிலே ஒருத்தர், “என்ன பாவமோ”ன்னாரு. யோவான் 9-ம் அதிகாரத்திலே சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டு, இவனும் இல்லே, இவனைப் பெத்தவங்களும் இல்லேன்னு இயேசு பதில் சொல்லி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. எங்க உறவுக்காரருக்குத் தபால் இன்னும் வந்து சேரலே. (சிரிப்பு)

அவனுக்கு ஒம்பது வயசாச்சு. கூடப் பொறந்த வயசுப் பிள்ளைங்கள்லாம் வெள்ளைச் சட்டை போட்டுப் புதுநன்மை வாங்குதுங்க. அம்மா போய்க் கேட்டாங்க. “அவனுக்கு என்னம்மா புரியும்? மந்திரம் ஒண்ணும் சொல்ல வராதே”ன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு வந்து அம்மா சோறு திங்கலே.

திருச்சபையே என்ன சொல்லுது? பிள்ளைங்க ஏழு வயசு வாக்கிலேயே நற்கருணை வாங்கலாம், பெரிய படிப்பு வேணாம், இந்த அப்பம் சாதாரண அப்பம் இல்லேன்னு தெரிஞ்சாப் போதும்னு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் சொன்னது 1910-லே. அந்தத் தெரிதல் வாய்ப்பேச்சாலேதான் வரணும்னு இல்லே, ஒரு சைகை, மரியாதையான ஒரு மௌனம் இருந்தாலும் போதும்னு அமெரிக்க ஆயர்கள் 1995-லே எழுதியே வச்சாங்க. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ்கிட்டே 2016 ஜூன்லே, இப்படிப்பட்டவங்களை ஏத்துக்காத சாமியாருக்கு என்ன சொல்வீங்கன்னு ஒரு கேள்வி வந்துச்சு. கோவிலைச் சாத்திடச் சொல்லுங்க, ஒண்ணு எல்லாரும், இல்லே யாருமே வேணாம்கிற அர்த்தத்திலே பதில் சொன்னார். நான் சொன்னா எதிரணிக்குக் கோபம் வரும், பாப்பரசர் சொன்னா வராது பாருங்க! (கைதட்டல்)

அப்புறம் வேற ஒரு பங்குலே, ஒரு வயசான சாமியார், “கூட்டிட்டு வாங்க, பார்க்கிறேன்”ன்னார். அப்போ தம்பிக்கு வயசு பதினாறு. எதைக் கொடுத்தாலும் வெடுக்குன்னு கவ்விக்கிற பிள்ளை அவன், பிஸ்கட்டுன்னா விரலையும் சேர்த்துக் கடிப்பான். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டினார். அவன் வாயைத் திறந்துக்கிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே காத்திருந்தான். “இவனுக்குத் தெரியுதும்மா”ன்னு சொல்லிட்டுக் கொடுத்துட்டார். அவ்வளவுதான் பரீட்சை.

“அதெல்லாம் சரி, குணமாச்சா?”ன்னு எதிரணியிலே ஒருத்தர் மனசுக்குள்ளே கேக்கிறது முகத்திலே தெரியுது. இல்லே. ஆகலே. அங்கேதாங்க நம்ம சண்டையே இருக்கு. குணமானவங்களுக்கு மேடையிலே சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறீங்க. குணமாகாதவங்களை ‘நம்பிக்கை பத்தலே’ன்னு வீட்டுக்கு அனுப்புறீங்க. ஏற்கெனவே சுமக்கிறவன் தலையிலே இன்னொரு மூட்டை!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் மேரி வர்கீஸ்னு ஒரு அம்மா. 1954-லே கார் விபத்து, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமப் போச்சு. கிறிஸ்தவ ஆஸ்பத்திரிங்க, செபத்துக்கா பஞ்சம்? கால் திரும்பலே. ஆனா டாக்டர் பால் பிராண்ட் அவங்களை மூலையிலே உட்கார வச்சு அழலே. தொழுநோயாளிகளோட கை ஆபரேஷன் உட்கார்ந்துக்கிட்டே பண்ணக்கூடியது, அதைப் பண்ணுங்கன்னார். சக்கர நாற்காலியிலே உட்கார்ந்தபடியே மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினாங்க அந்த அம்மா. 1966-லே வேலூர்லே மறுவாழ்வு மையம் தொடங்கறதுக்கு அவங்கதான் காரணம். 1972-லே பத்மஸ்ரீ. அன்னிக்கு அவங்களுக்குச் செபம் மட்டும் கொடுத்து, ஆபரேஷன் தியேட்டர்லே இடம் கொடுக்காம விட்டிருந்தா?

இன்னொருத்தரைச் சொல்றேன். கத்தோலிக்க வீடுகள்லே செபமாலை முடியறப்போ கிருபை தயாபத்து மந்திரம் சொல்றோமே, அதை இயற்றினவர் ஹெர்மன்னு ஒரு ஜெர்மன் துறவின்னு நெடுங்காலமாச் சொல்லிட்டு வர்றாங்க. 1013-லே பொறந்தவர். கை கால் முடங்கினவர், நாற்காலியிலே வச்சுத் தூக்கிட்டுப் போகணும், பேசினா மத்தவங்களுக்குப் புரியறதே கஷ்டம். என் தம்பி மாதிரின்னு வச்சுக்குங்களேன். ஏழு வயசுப் பிள்ளையா இருக்கறப்போ ரைகனவ் மடத்திலே சேர்த்துக்கிட்டாங்க. கணக்கு, வானசாஸ்திரம், சங்கீதம் எல்லாத்திலேயும் எழுதினார். சாகிற வரைக்கும் நடக்கலே. வாய் சரியா வராத ஒருத்தருக்கு மடத்திலே இடம் கொடுத்தாங்க. அவர் பேரோட சேர்ந்து வர்ற மந்திரத்தை இன்னிக்கு நாம வாய் நிறையச் சொல்லிக்கிட்டிருக்கோம். (கைதட்டல்)

ஜெர்மனி எதுக்கு, எங்க திருவதிகைக்கே வாங்க. நான் கிறிஸ்தவப் பொண்ணுதான், ஆனா எங்க ஊர்க் கதை எனக்குத் தெரியாதா? சூலை நோயிலே துடிச்சுக்கிட்டு, இதே திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்திலேர்ந்து அக்கா திலகவதியாரைத் தேடி வந்தாரே மருள்நீக்கியார், பின்னாலே நாவுக்கரசரானவர், அவர்கிட்டே அக்கா என்ன சொன்னாங்க? “குணமாக்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்”னா? திருநீறு கொடுத்து, விடியறதுக்கு முன்னாலே, வலியோடதான் கோவிலுக்குள்ளே கூட்டிட்டுப் போனாங்க. குணம் அப்புறம். நானும் ஒரு தம்பிக்கு அக்கா, எங்க ஊர் கோபுரத்தைப் பார்க்கிறப்போல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வரும்.

கடைசியா வேளாங்கண்ணி. ஆகஸ்ட் மாசம் பாருங்க, காவி உடுத்திக்கிட்டு கடலூர், சிதம்பரம் வழியா ஜனங்க நடந்து போறாங்க. மதம் பார்க்காம நம்ம சனம் மோர்ப்பந்தல் வைக்குது. அந்த வேளாங்கண்ணிக் கதையிலேயும் மோர்தான். நடுத்திட்டுலே மோர் வித்த கால் ஊனமான பையன் முன்னாலே குழந்தையோட ஒரு அம்மா வந்தாங்கன்னு பாரம்பரியம். “அவன் கால் குணமாச்சே!”ன்னு எதிரணி துள்ளும். பொறுங்க, வரிசையைப் பாருங்க. முதல்லே அந்த அம்மா அவன்கிட்டே குழந்தைக்கு மோர் கேட்டு வாங்கினாங்க. அடுத்து, நாகப்பட்டினத்துக்குப் போய்க் கோவில் கட்டச் சொல்லுன்னு சேதி கொடுத்தாங்க. எழுந்து ஓடறப்போதான் அவனுக்கே கால் தெரிஞ்சுது. நம்ம கோவில்கள்லே ஊனமானவங்களுக்குச் சேலை கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம். அவங்ககிட்டேர்ந்து ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிச்சிருக்கோமா? பாட்டுக் குழுவிலே, வாசகம் வாசிக்க, பேரவையிலே உட்கார என்னிக்காவது கூப்பிட்டிருக்கோமா? (நீண்ட கைதட்டல்)

நேரம் ஆச்சுன்னு நடுவர் ஐயா மணியைத் தொடுறார். ஒரே நிமிஷம். தம்பிக்கு இப்போ முப்பது தாண்டியாச்சு. இப்போ போற கோவில்லே சாய்வு இருக்கு, சத்தம் போட்டா யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லே. ஆனா நாற்காலியை நடுப்பாதையிலேதான் நிறுத்தணும், காணிக்கை எடுக்கிறவர் இடிச்சுக்கிட்டுத்தான் போகணும். முன்வரிசை பெஞ்சிலே ஒரு ஓரத்தை மூணு அடி அறுத்துட்டா அவன் எல்லாரோடவும் சேர்ந்து உட்கார்ந்துக்குவான். அம்மா கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஆலோசனையிலே இருக்காம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. தான் போறதுக்குள்ளே அவனுக்குன்னு ஒரு இடம் ஆயிடணும்கிறாங்க.

எங்கப்பா தச்சருங்க. தீர்ப்பு நீங்க எப்படி வேணா சொல்லுங்க. ரம்பம் எங்க வீட்லே இருக்கு, அந்த மூணு அடிக்கு அனுமதி மட்டும் வாங்கிக் கொடுங்க. (பலத்த கைதட்டல்)