இளங்கிளி இறகுதிர்க்கும் காலம்

திருகோணமலையைச் சூழ்ந்த வயல்வெளிகளில் கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளி, பனைமரப் பொந்திலே குஞ்சு பொரிப்பது. துறைமுகத்தை அடுத்த வீடுகளிலே அது கூட்டுப்பறவையாகவும் வளர்வதுண்டு. குஞ்சாக வந்த கிளி ஓராண்டை எட்டுமுன்னரே, ஒருநாட் காலை கூட்டின் அடியில் பச்சை இறகுகள் சிதறிக் கிடக்கும். பிள்ளைகள் பதறுவர், பெரியோர் நோய் என்பர், அயலவர் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வர். இறகு உதிர்வதைவிட இத்தகைய கைவைத்தியமே கிளிக்குக் கேடு தருவது. எண்ணெய் படிந்த இறகு உடற்சூட்டைக் காக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

இறகானது, நகத்தையும் மயிரையும் போலக் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. முழுதும் வளர்ந்தபின் அதிலே குருதியோட்டம் இராது. ஆகவே, வெயிலாலும் உராய்வாலும் தேய்ந்த இறகைப் பறவையாற் செப்பனிட இயலாது. அதனைக் களைந்து புதியது முளைப்பிக்கவே இயலும். குஞ்சுப் பருவத்து மெல்லிறகு வலிய இறகுக்கு இடம்விடுவதே முதல் உதிர்வாகும்.

இம்மாற்றத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு சிறகிலும் 10 முதன்மை இறகுகள் உள்ளன. அவற்றுள் நடுவிலுள்ளது முதலில் வீழ, மாற்றம் அங்கிருந்து இருபுறமும் பரவும். இடப்புறத்தில் ஒன்று வீழ்ந்தால் வலப்புறத்தில் அதன் இணையும் அணித்தே வீழும். வாத்துகளோ பறக்கும் இறகுகளை ஒருங்கே உதிர்த்துச் சில வாரங்கள் பறக்கமாட்டாமல் நீர்நிலையில் ஒடுங்கிக் கிடக்கும். கிளிக்கு அத்தகைய முடக்கம் இல்லை. கழுத்திற் செந்தார் தோன்றாமையால் ஏமாறுதலும் வேண்டாம். ஆண்கிளிக்கும் அது இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலேயே தோன்றும்.

நோயைப் பிரித்தறிவது எங்ஙனம்? கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. உடல் மொட்டையாகித் தலை மட்டும் செழித்திருப்பின், தனிமையாலோ அச்சத்தாலோ நோயாலோ கிளி தன் இறகைத் தானே பிடுங்குகின்றது எனலாம். புதிய இறகுகள் முறுக்குண்டும் நெரிபட்டும் வீழ்ந்தால், கிளியினத்தைத் தாக்கும் வைரசு நோயை ஐயுற்று மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். இயல்பான உதிர்விலோ, விழுந்த இடத்தில் உறையிட்ட புதுமுளை விரைவில் தோன்றும்.

அம்முளைக்குள்ளே குருதி ஓடும். அதனைப் பிடுங்குவதும் கையால் அழுத்துவதும் கிளிக்குப் பெருநோவு தரும். முளை முறிந்து குருதி கசிந்தால் தூய துணியால் மெல்ல அழுத்திப் பிடித்தல் வேண்டும். கசிவு நில்லாவிடின் தாமதம் ஆகாது. சிறு கிளிக்குச் சிறிதளவு குருதியிழப்பும் பேரிழப்பேயாம்.

இறகு முளைக்கும் காலத்திற் புரதம் மிகுதியாக வேண்டும். வெறும் தானியம் போதாது. முளைகட்டிய பயறும், கீரையும், பூசணியும், பப்பாசியும் சேர்த்தல் நன்று. குளிக்க ஆழமற்ற கிண்ணத்தில் நீர் வைத்தால் இறகின் உறை இளகும். இரவில் விளக்கொளி படாத அமைதியான இடத்திற் கூட்டை வைத்தல் வேண்டும்.

இறுதியாக, சிறகு கத்தரித்த வீட்டார் கருதவேண்டியது ஒன்று. வெட்டுண்ட இறகு வளராது. எனினும் உதிர்வின்போது அதன் இடத்தில் முழு இறகு முளைக்கும். நேற்றுவரை தோளில் அமர்ந்திருந்த கிளி, இன்று ஒரு கப்பலின் ஊதொலிக்கு வெருண்டு திறந்த சாளரம் வழியே கடல்மீது பறந்துவிடக்கூடும். இரைதேடவும் பருந்துக்கு ஒளியவும் கூட்டில் வளர்ந்த கிளி அறியாது. ஆதலால், பழைய இறகைப் பெருக்கும் நாளிலேயே சாளரத்துக்கு வலையிடுதல் அறிவுடைமையாம்.