கரு கலைந்த பின்

வீட்டில் ஒருவர் மறைந்தால் ஊரார் வந்து துக்கம் விசாரிக்கின்றனர். மூன்று மாதத்திற்குள் ஒரு கரு கலைந்துவிட்டாலோ, அவ்வீட்டாரே அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மாணவர்களுக்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். உங்கள் அக்காளுக்கோ அண்ணிக்கோ இது நேரலாம். பின்னொரு நாள் உங்கள் இல்லத்திலேயே நேரலாம். அன்று எவ்வாறு நடந்துகொள்வது என்று அறிந்திருப்பதும் கல்வியே என்பது என் கருத்து.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உறுதி செய்யப்பட்ட கருக்களில் 100-க்கு 10 முதல் 20 வரை இடையில் கலைந்துவிடுகின்றன. முதல் 12 வாரங்களில் நேரும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம்களில் அமைந்த குறையே காரணம். மாடிப்படி ஏறியதாலோ, பேருந்தில் சென்றதாலோ, கணவனும் மனைவியும் கூடியதாலோ இது நேர்வதில்லை. ஆகவே, "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இனி, உடலைப் பேணும் முறை. உதிரப்போக்கு ஓரிரு வாரங்கள் நீடிக்கலாம். அது நிற்கும் வரையில் தாம்பத்திய உறவைத் தவிர்த்தல் நலம்; கருப்பையில் கிருமி புகாமல் காப்பதே இதன் நோக்கம். நல்ல உறக்கமும், கீரை, பயறு போன்ற இரும்புச்சத்துள்ள உணவும் வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், தாங்கொணா வயிற்றுவலி, அடங்காத உதிரப்பெருக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். அடுத்த மாதவிடாய் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் வரும். ஆயினும், 2 வாரங்களிலேயே கருமுட்டை வெளிப்படக்கூடும். உடனே மீண்டும் கருவுற விரும்பாதவர்கள் இதை அறிந்திருத்தல் அவசியம்.

உடல் ஆறும் வேகத்தில் உள்ளம் ஆறுவதில்லை. என் மருத்துவப் பணியில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: மனைவி அழுகிறாள், கணவன் அழாமல் அலுவலில் மூழ்குகிறான். "இவருக்குத் துயரமே இல்லை" என்று அவள் எண்ணுகிறாள். "பேசினால் புண்ணைக் கிளறியதாகும்" என்று அவன் அஞ்சுகிறான். அவளைத் தொடவும் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை அவள் வெறுப்பென்று கொள்கிறாள். இழந்தவர் இருவர், ஆனால் ஒருவர் துயரை மற்றவர் அறிவதில்லை.

இத்தகையோரிடம் நான் கூறுவது, நெருக்கம் என்பது கூடல் மட்டும் அன்று என்பதே. கையைப் பற்றிக்கொண்டு பேசாமல் அமர்ந்திருப்பதும் நெருக்கமே. மாலையில் சேர்ந்து சிறிது தூரம் நடப்பதும் நெருக்கமே. மீண்டும் கூடுவதற்கு, உதிரப்போக்கு நின்றிருந்தால் மட்டும் போதாது. அவள் மனமும் இசைய வேண்டும். அவளைக் கேட்டறிவதே கணவனின் கடமை. அடுத்த குழந்தை எப்போது என்று உறவினர் அவசரப்படுத்துதல் முறையன்று. பல வாரங்கள் கடந்தும் உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் நீடித்தால், மனநல மருத்துவரை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

சட்டமும் இத்துயரை மதித்திருக்கிறது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவுற்ற பெண் ஊழியருக்கு ஊதியத்துடன் 6 வார விடுப்பை வகுத்தது. நியூசிலாந்து 2021-இல் கணவனுக்கும் சேர்த்து 3 நாள் துக்க விடுப்பு அளித்தது.

சட்டம் தருவது ஓய்வு. ஆறுதலை வீட்டார்தாம் தரவேண்டும். "இது உன் பிழை அன்று; நான் உன் அருகில் இருக்கிறேன்." இவ்விரு தொடர்களைத் தயங்காமல் சொல்லப் பழகுங்கள்.