விமானம் மாறுவோருக்கு வேண்டிய அவகாசம்

(நாகபுரியில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசத்தக்க புலமை நமக்கு இல்லை. மெட்ரிக் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த நமக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி வரும் நேரமும் புறப்படும் நேரமுமே. ஆயினும் சங்கக் காரியதரிசி அவர்கள், வழியில் விமானம் மாறுவதைப் பற்றிச் சிறிது பேச வேண்டுமென்று பணித்தார். ரயில் குமாஸ்தாவுக்கு ஆகாயத்தில் என்ன அலுவல் என்று சிலர் நகைக்கக்கூடும். மாறுகிறவன் படும் பாடு தரையிலும் ஆகாயத்திலும் ஒன்றுதான் என்பது நமது துணிபு.

நாகபுரியில் வாழும் நமக்கு வண்டி மாறுவது புதிதன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்று சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூர் அடைந்து, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ வண்டி பிடித்தவர்கள்தாம் நம்மில் பலர். சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் தூரம் சிறிது. முதல் வண்டி பிந்திவிட்டால் அச்சிறு தூரமே கடலாகிவிடும். அதனால் நம் பெரியவர்கள் நடுவே அரை நாள் வைத்துக்கொண்டு, குளித்து, இட்டிலி உண்டு, நிதானமாக ஏறினார்கள். அதே பெரியவர்களை இன்று பிள்ளைகள் டெல்லியிலோ மும்பையிலோ இரண்டு மணி நேர இடைவெளியில் விமானம் மாறச் சொல்லுகிறார்கள்.

நம் காலனியில் ஒரு தம்பதியர், மகளின் பிரசவத்துக்காக அயல்நாடு புறப்பட்டனர். நாகபுரியிலிருந்து டெல்லிக்கு ஒரு கம்பெனியின் டிக்கெட். டெல்லியிலிருந்து அப்பால் வேறொரு கம்பெனியின் டிக்கெட். தனித்தனியே வாங்கினால் மலிவு என்று மகன் வாங்கித் தந்தது. இடையே மூன்று மணி நேரம் இருந்தது. முதல் விமானம் முக்கால் மணி நேரம் பிந்தியது, அவ்வளவே. டெல்லியில் அவர்கள் கவுண்டரை அடைந்தபோது அது மூடப்பட்டிருந்தது. முதல் கம்பெனி, "உங்களை டெல்லியில் சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது கம்பெனி, "நீங்கள் வரவில்லை" என்றது. இரண்டும் சட்டப்படி சரியே! புது டிக்கெட் வாங்கி அவர்கள் இரண்டு நாள் பிந்திப் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அந்நிய ஊரில், பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் அப்பெண் பிள்ளை பெற்றாள். மிச்சம் பிடித்த சில ஆயிரங்களை இதனோடு வைத்து எடைபோட நமக்குத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் எப்படிப் போதாமற் போனது? குமாஸ்தா முறையில் கணக்கெழுதிப் பார்ப்போம். இரவு 8 மணிக்கு இறங்கி 11 மணிக்கு ஏற வேண்டும், 180 நிமிஷம். அயல்நாட்டு விமானங்களுக்குக் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்பாக மூடிவிடுகிறார்கள். சில கம்பெனிகள் 75 நிமிஷம் முன்பாகவே மூடுகின்றன. ஆகவே கையில் இருப்பது 120. விமானம் தரையைத் தொட்டு, ஊர்ந்து சென்று நின்று, கதவு திறந்து நாம் வெளிவர 20. சாமான் வரும் பட்டையருகே நின்று பெட்டிகளை எடுக்க 30. டெல்லியில் உள்நாட்டு விமானங்கள் பலவும் வந்து நிற்பது 1-ஆம் டெர்மினல். அயல்நாட்டு விமானங்கள் புறப்படுவது 3-ஆம் டெர்மினல். இவை ஒரே கட்டடத்தின் இரு கோடிகள் அல்ல; நடுவே ஓடுபாதைகளைச் சுற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் சாலை வழி போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர 40. வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டி உள்ளே நுழைய 10. மிச்சம் 20 நிமிஷம்! அதில் முக்கால் மணி நேரத் தாமதம் எங்கே அடங்கும்?

ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்கியிருந்தால் கணக்கே வேறு. நாகபுரியில் ஒப்படைக்கும் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை தானே போகும். இரண்டு போர்டிங் பாஸ்களும் இங்கேயே கிடைக்கும். டெல்லியில் பெட்டிக்கும் கவுண்டருக்கும் நிற்க வேண்டியதில்லை. பெட்டியில் கட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் தந்து அனுப்பும் பொறுப்பு கம்பெனியைச் சேர்ந்தது. மேலும், ஒவ்வொரு விமான நிலையத்திலும் மாறுவதற்குக் குறைந்தபட்ச அவகாசம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறைந்த இடைவெளியில் ஒரே டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் தராது. ஆனால் அது ஓடக்கூடியவனுக்கு வகுத்த குறைந்தபட்சம். முழங்கால் வலியுள்ள அத்தைக்கு வகுத்ததன்று.

ரயில்வேயிலும் இதே நியாயம் வந்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர்.களை இணைத்து வைக்கலாம். முதல் வண்டி பிந்தி இரண்டாவது தவறினால், பிரயாணம் செய்யாத பகுதிக்குப் பிடித்தமின்றிப் பணம் திரும்பும். நம் காலனியிலேயே இதை அறியாதவர்கள் உண்டு என்பதால் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

வரும் வழியில் அவகாசம் இன்னும் கூடுதலாக வேண்டும். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடிய வேண்டும். பெரும்பாலும் பெட்டிகளையும் அங்கேயே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டும். நடுநிசியில் ஐந்தாறு பெரிய விமானங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கினால் வரிசை எவ்வளவு நீளும் என்று எவராலும் சொல்ல முடியாது. மும்பையில் சாகர் பக்கத்து 2-ஆம் டெர்மினலில் இறங்கி, சாந்தாகுரூஸ் பக்கத்து 1-ஆம் டெர்மினலில் ஏற நேர்ந்தால் நகரத்துச் சாலை நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையம் வேறு திறக்கப்பட்டது. டிக்கெட்டில் "மும்பை" என்ற சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தால், கடற்கழிக்கு அக்கரையில் இறங்கி இக்கரைக்கு ஓட நேரும்.

சென்ற முறை இறங்கிய டெர்மினலே இம்முறையும் என்று எண்ணுவதும் தவறு. 2024 ஜூன் 28-ஆம் தேதி பெருமழையில் டெல்லி 1-ஆம் டெர்மினலின் கூரையில் ஒரு பகுதி விழுந்தது. அங்கிருந்த விமானங்களை மற்ற இரண்டு டெர்மினல்களுக்கு மாற்றினார்கள். பிறகு திரும்பவும் திறந்தார்கள். முன்தினம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

எந்த விமானம் பிந்தும் என்பதை ஊகிக்க ரயில்வே அனுபவம் உதவும். இணை வண்டி பிந்தி வந்தால் அதே பெட்டிகளைக் கொண்டு புறப்படும் வண்டியும் பிந்துமல்லவா? விமானமும் அவ்வாறே காலை முதல் நாலைந்து ஊர் சுற்றுகிறது. ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்ந்த தாமதம் மாலையில் நம் தலையில் விழுகிறது. ஆகவே பொதுவாகக் காலை விமானம் நல்லது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லிக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே விடியற்காலை மூடுபனியே எஜமானன். நண்பகலில் இறங்குவது போல வைத்துக்கொள்ளலாம். மும்பையில் மழைக்காலம் எந்த நேரத்துக்கும் உத்தரவாதம் தராது.

டெல்லியிலும் மும்பையிலும் உள்நாட்டிலிருந்து அயல்நாட்டுக்கு ஒரே டிக்கெட்டாயின் 3 மணி நேரம், வரும்போது 4 மணி நேரம் என்பது நமது அபிப்பிராயம். தனித்தனி டிக்கெட்டானால் முந்திய நாளே போய்விட வேண்டும். நமக்குத்தான் பாஸ் இருக்கிறதே! ரயிலில் ஒரு நாள் முன்பே டெல்லி சேர்ந்து, உறவினர் வீட்டில் தங்கி ஏறுவது போன்ற சுகம் வேறில்லை. அதற்கு டிக்கெட்டை டெல்லியிலிருந்தே வாங்க வேண்டும். நாகபுரியிலிருந்து வாங்கிவிட்டு, முதல் பகுதியை விட்டு டெல்லியில் ஏறலாமென்று நினைத்தால், முதல் விமானத்தில் வராதவரின் மீதி டிக்கெட் முழுவதையும் கம்பெனி ரத்து செய்துவிடும். ரயில்வேக்காரர்களுக்கே இந்த ஆசை அதிகம் தோன்றும் என்பதால் அழுத்திச் சொல்லுகிறோம்.

தேதியிலும் கண் வேண்டும். 15-ஆம் தேதி 00.40 என்றால் 14-ஆம் தேதி மாலையிலேயே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ரிசர்வேஷன் கவுண்டரில் இந்த நள்ளிரவுத் தேதியால் கண்ணீர் விட்டவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

துக்கச் செய்தி வந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ ஓடுகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஊருக்கு அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக வைக்க வேண்டாம். அதற்கு முந்தியதை வைத்தால், தவறினாலும் இன்னொன்று இருக்கும். கடைசியைத் தவறவிட்டவர் பெற்றவரின் முகம் பார்க்காமல் போகக்கூடும்.

வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டு வைப்பது நல்லது. டிக்கெட் வாங்கும்போதே கேட்க வேண்டும். தள்ளிச் செல்பவருக்கு வழி தெரியும் என்பதே அதன் பெரும்பயன். நேரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். நாற்காலிக்காரரை எல்லோருக்கும் கடைசியில்தான் இறக்குகிறார்கள். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது ஒலிபெருக்கியில் அழைப்பதும் இல்லை; பலகையைப் பார்த்தே கேட் எண்ணை அறிய வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த பெரியவர்களாயின், விமான எண், கேட், ஏற வேண்டிய நேரம், பிள்ளையின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாம் சங்கக் கட்டடத்தில்தான் இருப்போம். டிக்கெட் வாங்குமுன் கொண்டுவந்து காட்டினால் நேரக் கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம். வாங்கிய பிறகு கொண்டுவந்தால் நாமும் உங்களுடன் சேர்ந்து பெருமூச்சு விடலாம்.